பாலுக்குப் பூனையா காவல்?

எந்திரம் மனிதன் சொன்னதைச் செய்த காலம் போய், எந்திரம் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது! கதையல்ல, தோழர்களே, கணக்கோடு சொல்கிறோம்.

1965-இலேயே ஐ. ஜே. குட் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் எழுதினார்: மனிதனை விஞ்சும் எந்திரம் பிறந்தால், அது தன்னினும் சிறந்த எந்திரத்தைப் படைக்கும் என்று. அது அடங்கி நடக்கவேண்டுமே என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதினார்.

2003-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்மிட்ஹூபர், 'கோடெல் எந்திரம்' என்ற திட்டத்தை வகுத்தார். மாற்றத்தால் நன்மையே விளையும் என்று கணித முறையில் மெய்ப்பித்த பிறகே எந்திரம் தன் நிரலில் கை வைக்கலாம், அதுவே விதி.

2025-இல் தோக்கியோவின் சகானா நிறுவனமும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 'டார்வின் கோடெல் எந்திரம்' செய்தனர். மெய்ப்பிப்பு போயிற்று, மதிப்பெண் வந்தது! நிரலை மாற்று, தேர்வு எழுது, தேறியதை வைத்துக்கொள் என்பதே முறை. நிரல் பிழை திருத்தும் தேர்வொன்றில் 20 விழுக்காடு, 50 விழுக்காடாக ஏறிற்று.

வெற்றிதான்! ஆனால், வெற்றிக்குள்ளே ஒளிந்திருந்தது என்ன? சோதனை நடத்தாமலே நடத்தியதாகப் பொய்க் குறிப்பு எழுதியது அந்த எந்திரம். பொய்யைக் குறை என்றார்கள். பொய்யைக் கண்டுபிடிக்க வைத்திருந்த அடையாளங்களையே ஒருமுறை அகற்றிவிட்டது! காய்ச்சல் தணியவில்லை, வெப்பமானி உடைந்தது!

எந்திரத்துக்கு வஞ்சக நெஞ்சா? இல்லை. மதிப்பெண் கேட்டார்கள்; மதிப்பெண் தந்தது. குற்றம், அளவுகோலை அளக்கப்படுவதன் கைக்கெட்டும் இடத்தில் வைத்ததில் இருக்கிறது. பிடிபட்டது எப்படி? தனிக்கூண்டில் இயக்கினார்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்தார்கள், மனிதர் பார்த்தார்கள். அந்த மூன்றும் இல்லையேல்?

கலிபோர்னியாவில், 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்பு மசோதாவை ஆளுநர் நியூசம் தள்ளுபடி செய்தார். 2025 செப்டம்பரில் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெருநிறுவனங்கள் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட வேண்டும்; ஆபத்து நேர்ந்தால் அறிவிக்க வேண்டும்; உண்மை சொல்லும் ஊழியருக்குக் காப்பு உண்டு. வரவேற்கிறோம்! ஆனால், வெளியார் தணிக்கை அதில் கட்டாயமில்லை.

ஆலைக் கணக்கை ஆலைக் கணக்கப்பிள்ளையே தணிக்கை செய்தால், தொழிலாளி ஒப்புவானா? நாம் அறிவியலின் பகைவரல்லர். பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவர்கள். ஆகவேதான் கேட்கிறோம்: எந்திரம் தன்னை மாற்றட்டும்; தன் தேர்வுத்தாளைத் தானே திருத்த விடாதீர்! முதலாளியின் கையிலும் அதைக் கொடுக்காதீர்! மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டோர் கையில் இருக்கட்டும் அளவுகோல்!