பூர்வீக வீடும் விருந்தினர் விடுதியும்

2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதுடன் பூநகரி யாழ்ப்பாணத்திற்கு மிக அண்மித்த ஊராகிவிட்டது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையும் கடனீரேரியும் பயணிகளை ஈர்க்கக் கூடியவை. ஆளின்றிக் கிடக்கும் பூர்வீக வீடுகளைத் திருத்தி, விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் இந்நிலையில் இயல்பானதே. வீடு கறையானுக்கு இரையாவதிலும் பார்க்க இது மேலானது.

ஆனால், அவ்வீடு யாருடையது என்பதே முதற் கேள்வியாகும். தேசவழமையின் கீழும் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின் கீழும், மரண சாசனமின்றி இறந்தவரின் சொத்து வாரிசுகள் பலருக்கும் உரியது. யுத்தத்தால் அவர்களில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறியுள்ளனர். 1990 ஆம் ஆண்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களில் பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர். வசதி படைத்த ஒருவர் தன்னிச்சையாக விடுதி நடத்தினால் ஏனையோரின் பங்கு என்னாவது? பிறர் உரிமையை மறுத்துப் பத்து வருடங்கள் தடையின்றி அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. யுத்தத்தால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்கு 2016 ஆம் ஆண்டின் விசேட சட்டம் அளித்த இரு வருட அவகாசமும் கடந்துவிட்டது.

எனவே பங்காளிகள் அனைவரும் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்துமூல உடன்பாட்டிற்கு வரவேண்டும். வாடகைப் பங்கீட்டுடன், இதுகாறும் வீட்டைக் காத்துநின்ற குடும்பத்தின் இருப்பிடமும் அதில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்வது அதன் பின்னரே நடைபெற வேண்டியதாகும். யுத்தம் பிரித்த உறவுகளை வருமானமும் பிரித்துவிட இடமளிக்கலாகாது.