கைக்குழந்தையோட வெளியே கிளம்புறீங்களா? பையில் என்ன இருக்கணும், அந்தப் பை ஏன் இவ்வளவு கனக்குது?

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் ஏறி, பண்ருட்டியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் திருவதிகை. அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்று சொல்லப்படும் வீரட்டானேஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். பெரியவர்களுக்கு இது ஒரு மணிபர்ஸும் தண்ணீர் பாட்டிலும் போதும் என்கிற பயணம். ஆனால் கையில் ஒன்றரை மாதக் குழந்தை இருந்தால், அதே அரை நாளுக்குத் தோளில் ஒரு பை, கையில் ஒரு கட்டைப்பை என்று மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது.

கடைகளில் 'டயப்பர் பேக்' என்று தனியாகவே பைகள் வந்துவிட்டன. எந்தப் பை வாங்கலாம் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. வழியில் எதெல்லாம் கிடைக்காதோ, அதைத்தான் நாம் பையில் சுமக்கிறோம். அப்படியென்றால் எதைச் சுமக்க வேண்டும்? எதைச் சுமக்க வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பயணமே ஊசி போடத்தான்

நம்ம ஊர் வழக்கப்படி பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் சீக்கிரம் வெளியே அனுப்ப மாட்டார்கள். இருந்தாலும் ஒரு பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. அதுதான் தடுப்பூசி. தேசிய அட்டவணைப்படி பிறந்தவுடன் போடும் ஊசிகளுக்குப் பிறகு 6, 10, 14-வது வாரங்களில் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும்.

அதனால் பையில் முதலில் வைக்க வேண்டியது டயப்பர் இல்லை, தாய் சேய் நல அட்டை. எந்த ஊசி எப்போது போடப்பட்டது என்ற விவரம் அதில்தான் இருக்கும். வெளியூரில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், புதிய டாக்டருக்கு அந்த அட்டைதான் வழிகாட்டும்.

எத்தனை டயப்பர்? ஒரு எளிய கணக்கு

பிறந்த குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஆறு மணி நேரப் பயணம் என்றால் மூன்று, அவசரத்துக்கு இரண்டு, ஆக ஐந்து. துணி நாப்கின் பயன்படுத்துபவர்கள் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றோடு வைக்க வேண்டியவை:

• கீழே விரிக்க சின்ன ரப்பர் ஷீட், அதன் மேல் போட ஒரு பருத்தித் துணி
• மாற்று உடை இரண்டு செட். வெயில் காலம் என்றால் மெல்லிய பருத்தி போதும்
• துடைக்க மெல்லிய துணி, சுத்தமான தண்ணீர். தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு மட்டும் வாசனை சேர்க்காத வெட் வைப்ஸ்
• ஈரத்துணி போட ஒரு பை, அழுக்கு டயப்பருக்குத் தனியாக ஒரு பை
• அம்மாவுக்கு மாற்று மேலாடை, குடிக்கத் தண்ணீர், சாப்பிட ஏதாவது
• கை கழுவ சோப்பு

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பருத்திச் சேலை. பால் கொடுக்கும்போது மறைப்பு, மடியில் விரிப்பு, வெயிலுக்குத் திரை, தங்கும் இடத்தில் தூளி என்று நான்கு வேலை பார்க்கும். பாட்டிமார்கள் அதை மறக்காமல் எடுத்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எதை எடுக்கக் கூடாது?

பவுடர் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடலாம். அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அடுத்தது பால் பாட்டில், பால் பவுடர். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கத்திரி வெயிலிலும் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மா. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவுமே கூடாது. பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டிய சூழல் இருந்தால் பாட்டிலைவிடப் பாலாடையைச் சுத்தம் செய்வது சுலபம். டாக்டர் சொல்லி பால் பவுடர் கொடுப்பவர்கள் மட்டும் அதற்கானதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் பால் பவுடர், பால் பாட்டில் விளம்பரங்களுக்குத் தடை இருப்பது பலருக்குத் தெரியாது. 1992-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது.

அப்புறம் ஏன் பாட்டில் தேடுகிறார்கள்?

இங்கேதான் பைக்கும் அரசு நிர்வாகத்துக்கும் தொடர்பு வருகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் இங்கே சுமார் 55 சதவீதம்தான். அகில இந்திய அளவு சுமார் 64 சதவீதம். பிரசவத்தில் முன்னணியில் இருக்கும் மாநிலம் இதில் பின்தங்கி நிற்கிறது.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. வேலைக்குத் திரும்புவது, பால் பத்தவில்லை என்ற பயம், சுற்றியிருப்பவர்களின் அறிவுரை என்று பட்டியல் நீளும். அதில் வெளியே உட்கார்ந்து பால் கொடுக்க இடமில்லை என்பதும் ஒன்று. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், 'வெளியே போனா மட்டும் பாட்டில்' என்று ஆரம்பிப்பது மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிடும். குழந்தை உறிஞ்சுவது குறைந்தால் பால் சுரப்பும் குறையும்.

352 அறைகள் என்ன ஆச்சு?

இதை முன்கூட்டியே உணர்ந்த மாநிலம் தமிழ்நாடு. 2015 ஆகஸ்ட்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, பேருந்து நிலையங்களில் 352 தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு, அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பெட்டகமும் வந்தது. துண்டு, உடை, கொசுவலை, நாப்கின், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, அம்மாவுக்குக் கை கழுவும் திரவம், சௌபாக்ய சுண்டி லேகியம் என எல்லாம் ஒரு பையில். அரசே கட்டிக் கொடுத்த டயப்பர் பேக் என்றே சொல்லலாம். பின்லாந்து 1938-ல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுக்கத் தொடங்கிய குழந்தைப் பெட்டியும் இதே யோசனைதான்.

பொருளைக் கொடுப்பது ஒரு முறை செய்கிற வேலை. அறையை நடத்துவது தினமும் செய்கிற வேலை. பூட்டிக் கிடக்கும் அறை, மின்விசிறி ஓடாத அறை, பழைய சாமான் போட்டு வைத்த அறை என்று பல ஊர்களில் இருந்து செய்திகள் அடிக்கடி வருகின்றன. சாவி யாரிடம், தினமும் கூட்டுவது யார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் திறப்பு விழாவோடு கதை முடிந்துவிடும்.

2025 பிப்ரவரியில் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் அமைப்பது பற்றி மத்திய அரசு 2024-ல் அனுப்பிய அறிவுரையை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, பிரசன்ன பி.வராலே அமர்வு உத்தரவிட்டது. பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்பதையும் நினைவூட்டியது.

கழற்றிய டயப்பர் எங்கே போகும்?

பையில் திரும்பி வரும் கனமும் ஒன்று உண்டு. பயன்படுத்திய டயப்பரை பஸ் ஜன்னல் வழியாகவும், கோயில் குளத்தின் ஓரத்திலும் வீசுவது பார்க்கிற காட்சிதான். 2016 திடக்கழிவு விதிகள், டயப்பரைப் பத்திரமாகச் சுற்றி உலர் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பு நிறுவனமே கொடுக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொன்னன. பாக்கெட்டைப் பிரித்து, அந்த உறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய செய்தித்தாள். போடத் தொட்டி இல்லாத ஊரில் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை.

பையைத் தூக்குறது யாரு?

பாலூட்டுவது மட்டும்தான் அம்மாவால் மட்டுமே முடிகிற வேலை. டயப்பர் மாற்றுவதையும் பையைச் சுமப்பதையும் அப்பாவும் செய்யலாம். ஆனால் குழந்தைக்குத் துணி மாற்றும் மேடை எங்காவது இருந்தாலும் அது பெண்கள் பகுதியில்தான் இருக்கும். அமெரிக்காவில் 2016-ல் வந்த ஒரு சட்டம், மக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் அந்த மேடை இருக்க வேண்டும் என்றது. நம் ஊரில் ஒரு பலகையும் தண்ணீர்க் குழாயும் இருந்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

இதை மட்டும் மறக்காதீங்க

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ பயணத்தை அங்கேயே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். அவசரம் என்றால் 108. ஊசி போட்ட பிறகு வரும் காய்ச்சலுக்கான மருந்தும் அளவும், ஊசி போடும் இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை.

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் வெளியே கிளம்பத் தடையாக இருந்த பஸ் செலவை அரசு குறைத்துவிட்டது. இனி பாக்கி இருப்பது இறங்கும் இடத்தில் திறந்திருக்கும் ஓர் அறை, ஒரு குழாய், ஒரு குப்பைத் தொட்டி. இந்த மூன்றும் இருக்கிற ஊருக்குப் போகும்போது, பையில் ஐந்து டயப்பரும் அட்டையும் பழைய சேலையும் இருந்தாலே போதும்.