கிரானைட் மேடையைக் கெடுப்பது புளியா, ஆசிடா?

அடுப்பு மேடையின் கிரானைட் மங்கிவிட்டது, பாலிஷ் போட ஆளைக் கூப்பிடலாமா என்று யோசிப்பவர்கள், காசைச் செலவழிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துகொண்டு, மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பருத்தித் துணியில் நனைத்து, மங்கிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அழுத்தித் துடையுங்கள். துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று மின்னினால் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளிக்கும்போது தெறித்த எண்ணெய்ப் பிசுக்கும் சரியாக அலசாமல் விட்ட சோப்பும் சேர்ந்து காய்ந்த படலம்தான் அத்தனை நாள் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. வெந்நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சோப்புப் போகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்தால் போதும். அந்தக் கடைசித் துடைப்பைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறோம்.

கிரானைட்டின் பாலிஷ் அவ்வளவு சுலபமாகப் போகாது. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. வீட்டுக் கத்தியின் எஃகு ஏறக்குறைய 5.5. மேடைமேலேயே காய் நறுக்கினால் மழுங்குவது கத்திதான். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் தயிரும் இந்தக் கனிமங்களைக் கரைப்பதில்லை. எலுமிச்சை பட்டால் பாலிஷ் போய்விடும் என்ற பயம் மார்பிளிலிருந்து வந்தது. மார்பிள் கால்சைட்டால் ஆனது, கடினம் 3தான். புளிப்பு பட்ட இடத்தை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். இரண்டு கல்லையும் ஒரே கடையில் வாங்குவதால், ஒன்றின் பயம் மற்றதற்கும் ஒட்டிக்கொண்டது.

கிரானைட்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கனிமத் துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் உண்டு. நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. கறை இறங்குவதற்கு அதுவே தாராளம். கருங்கல் கோயில்களில் தினமும் அகல் ஏற்றும் மாடத்தைப் பார்த்தால் தெரியும்: எண்ணெய் கல்லுக்குள்ளேயே இறங்கி, எத்தனை முறை கழுவினாலும் போகாத கருமையாக நின்றிருக்கும். எண்ணெய் பாட்டில் வைக்கும் இடத்தில் மேடையில் விழும் வட்ட நிழலும் அதேதான். அடியில் ஒரு தட்டு வைத்தால் அந்த வட்டம் வராது.

கறுப்புக் கற்கள் பெரும்பாலும் நெருக்கமானவை, குறைவாகவே உறிஞ்சும். கவனம் கேட்பவை வெளிர்நிறக் கற்கள். காஷ்மீர் வொயிட் என்ற பெயரில் விற்கும், மதுரை வட்டாரத்தில் வெட்டி எடுக்கும் கல்லைப் போன்றவை. ஒரு கரண்டித் தண்ணீரை மேடையில் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்துத் தெரிந்தால், இடுக்குகளை அடைக்கும் சீலர் போடும் வேளை வந்துவிட்டது. நன்கு உலர்ந்த கல்லில் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, மேலே தங்கியதைக் காய்வதற்குள் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் முத்தாக நிற்கும் மேடைக்குச் சீலர் தேவையில்லை. போட்டால் உள்ளே இறங்க இடமில்லாமல் மேலே புகைபோலப் படியும். வருஷா வருஷம் கட்டாயம் என்று யார் சொன்னாலும், இந்தத் தண்ணீர் சோதனையை நம்புங்கள்.

ஏற்கெனவே எண்ணெய் இறங்கியிருந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு எடுங்கள். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மஞ்சள் கறைக்கு இது சரிவராது. மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்புத் தூள் போட்டதும் கறை குங்குமமாக மாறி நம்மைப் பதற வைப்பது அதனால்தான். வெளிர்நிறக் கல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு நனைத்த பஞ்சை வைத்துப் பார்க்கலாம். வெயில் படும் மேடையானால் சில நாளில் தானாகவே வெளுத்துவிடும்.

இவ்வளவு உறுதியான கல்லை நாம் கெடுப்பது ஆசிடால். வீடு கட்டி முடிந்ததும் சிமெண்ட் பாலைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். பிறகு குழாயடியில் உப்பு படிந்தால் பாத்ரூம் கழுவும் திரவத்தை நாமே ஊற்றுகிறோம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்பைக் கரைக்கும்; கூடவே சிங்க்கைச் சுற்றியுள்ள வொயிட் சிமெண்டையும் கரைக்கும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கி அடியிலுள்ள பலகை ஊறும். கல்லிலுள்ள இரும்புச் சத்தோ துருவாகி மஞ்சள் திட்டாகத் தெரியும். அதை எடுப்பது மிகக் கடினம். துருக்கறை நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. அது குவார்ட்ஸையே அரிக்கும், மனிதத் தோலுக்கும் பெரும் ஆபத்து. ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புப் படிவுக்கு வேறு வழி உண்டு. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் அரை மணி நேரம் போட்டு வைத்து, புது பிளேடைக் கல்லோடு கல்லாகப் படுக்க வைத்து மெதுவாகச் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வரும். ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் குழாயடியை உலரத் துடைக்கும் வீட்டில் இந்த வேலையே வராது.

பரணில் பாத்திரம் எடுக்கவும் விளக்கு மாட்டவும் மேடைமேல் ஏறி நிற்காதீர்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் கல்லை வெட்டிய இடத்தில், முன்பக்கம் மிஞ்சுவது சில அங்குலப் பட்டைதான். கல் அங்கேதான் விரியும். விரிந்ததை எபாக்ஸி வைத்து ஒட்டலாம், ஆனால் கோடு தெரியும். எலெக்ட்ரீஷியன் வந்தால் ஏணியை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.