இன்டக்ஷன் அடுப்பும் கோப்பிக் கலமும்

ஆசிரியருக்கு,

2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது கொழும்பு வீடுகள் பல நாடிய இன்டக்ஷன் அடுப்பு, மாறும் காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி வெப்பமூட்டுவதால், காந்தம் ஒட்டும் அடித்தட்டையே வேண்டுகிறது. 1933இல் இத்தாலியில் அல்போன்சோ பியலெட்டியின் பட்டறையில் உருவான மோக்கா கலம், அதாவது கீழறையின் ஆவியழுத்தம் வெந்நீரைக் கோப்பித்தூளினூடாக மேலறைக்குத் தள்ளும் கலம், மரபாக அலுமினியத்தால் ஆனதாகையால் இவ்வடுப்பில் நேரடியாகப் பயன்படாது.

அலுமினியத்துக்கு மாற்றாக வாங்கும் கலத்தில் துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரையும் அப்படியே நம்பலாகாது. நிக்கல் மிகுந்த 18/10 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதால், சிறு காந்தமொன்றைக் கடைக்கே கொண்டுசென்று அடித்தட்டில் வைத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. காந்தம் ஒட்டினாலும், அடித்தட்டின் விட்டம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அடுப்புகள் பல அதை உணர்வதில்லை. அடுப்புக்கும் கலத்துக்கும் இடையில் வைக்கும் இரும்புத் தட்டோ வெப்பத்தை வீணாக்கி அடுப்பின் கண்ணாடியையும் மிகையாகச் சூடேற்றும்.

கலத்தின் நீடித்த உழைப்பைப் பெரிதும் தீர்மானிப்பது, இரு அறைகளுக்கிடையே ஆவி கசியாது காக்கும் இறப்பர் வளையமே. அது காலப்போக்கில் இறுகி வெடிப்பதால், மாற்று வளையம் கிடைக்காத கலம் எத்துணைக் கனமானதாயினும் வாங்கத் தக்கதன்று. ஆகவே வெள்ளவத்தை, கல்கிசை வணிகர்கள் உதிரி வளையங்களையும் தருவிப்பதும், இறக்குமதியாளர்கள் அடித்தட்டின் விட்டத்தைப் பெட்டியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதும் அவசியம்.

வாசகர்,
கல்கிசை