பழைய டிராக்டரை ஓரங்கட்ட வேண்டுமா?

பத்து வருடம் ஓடிய டிராக்டரை இனி உடைத்துப் போட வேண்டும் என்ற தகவல் கைபேசியில் அவ்வப்போது சுற்றி வருகிறது. இதை நம்பி, நன்றாக உழும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட நினைக்கும் விவசாயிகள் சற்றுப் பொறுங்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023-லேயே இதை மறுத்துவிட்டது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 15 ஆண்டு முடிந்தால் புதுப்பிக்க முடியாது என்ற விதி, 2023 ஏப்ரல் முதல் அரசுக்குச் சொந்தமான வாகனங்களுக்கு வந்தது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடை, பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் அந்தப் பகுதிக்கென இட்ட உத்தரவு. இவற்றையெல்லாம் சேர்த்துக் குழப்பியதால் வந்ததே இந்த அச்சம்.

புகை விதிகளும் அப்படித்தான். 2020 அக்டோபரில் வர வேண்டிய நான்காம் கட்ட விதி தள்ளித் தள்ளி, 2023 ஜனவரி 1 முதல் சுமார் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. இது புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு. உங்கள் பழைய வண்டியில் புதுக் கருவி பொருத்த வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.

அதற்காக அலட்சியமாக இருக்கலாமா? கூடாது. பதிவைப் புதுப்பிக்க, வண்டி ஓடும் தகுதியோடு இருக்க வேண்டும். கரும்புகை என்பது முழுதாக எரியாத டீசல். உங்கள் பணம்தான் புகையாகப் போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. பல டிராக்டர்களில் சைலன்சர் ஓட்டுநருக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது.

பழைய டிராக்டரில் புகையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. ஏர் கிளீனர், டீசல் பில்டர், நாசில், பம்ப் ஆகிய நான்கும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

ஏர் கிளீனர்: புழுதி உழவின்போது ஆயில் பாத் கிண்ணத்தைத் தினமும் பாருங்கள். அடியில் சேறு கட்டியிருந்தால் பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, என்ஜினுக்கு ஊற்றும் அதே ரக ஆயிலை அடையாளக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் என்ஜின் அந்த ஆயிலை இழுத்து எரிக்கும். ஏர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், வடிகட்டாத மண் நேரே உள்ளே போய் ரிங்கைத் தேய்க்கும். குழாயையும் கிளிப்பையும் உடனே மாற்றுங்கள்.

டீசல் பில்டர்: அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். கையேட்டில் உள்ள மணிக்கணக்குப்படி பில்டரை மாற்றுங்கள்.

நாசில்: பொடியாகத் தூவ வேண்டிய டீசல் சொட்டினால் புகை கூடும், இழுவை குறையும். சோதனைக் கருவி உள்ள பட்டறையில் அழுத்தம் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பம்ப்: "இழுவை பத்தவில்லை, டீசலைக் கூட்டிவிடு" என்று மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். பம்பின் சீலை உடைத்துக் கூட்டினால் கரும்புகையும் சூடும் ஏறும், பிஸ்டனுக்குக் கேடு.

புகையின் நிறமே பழுதைக் காட்டும். கருப்பு என்றால் காற்றுத் தடை, அதிகச் சுமை அல்லது நாசில் கோளாறு. குளிரில் ஸ்டார்ட் செய்தபோது வரும் வெள்ளைப் புகை சூடானதும் மறைந்தால் கவலை வேண்டாம். நீடித்தால் நாசிலையும் கம்ப்ரஷனையும் பாருங்கள், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. முதலில் ஆயில் பாத் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் நீலப்புகை நிற்காவிட்டால் ரிங், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். அப்போது என்ஜின் வேலைக்கு ஆகும் செலவையும் வண்டியின் இன்றைய விலையையும் ஒப்பிட்டு, வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யுங்கள்.

புதிய பெரிய டிராக்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிலுள்ள புகைக் கருவிகளை அடைத்துவிட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வாரண்டி போய்விடும், வண்டியின் அமைப்பை மாற்றுவது சட்டப்படியும் குற்றம்.

விரிவாக்கப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களில் பதிவு விதியை எடுத்துச் சொல்வதோடு, ஆயில் பாத் கிண்ணம் ஒன்றைக் கழற்றிக் காட்டினால் பயன் இரட்டிப்பாகும். நீங்கள் இன்று மாலையே உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, பதிவு என்று முடிகிறது என்று பாருங்கள். கெடு நெருங்கியிருந்தால், உழவுக்காலம் தொடங்கும் முன்பே வண்டியைச் சரிசெய்து புதுப்பித்துவிடுங்கள்.