கன்சோல் இப்போ வாங்கலாமா, காத்திருக்கலாமா? வாளையாறு தாண்டினால் கணக்கே வேற

வேலை கோவையிலோ கொச்சியிலோ. வீடு கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ. போனஸ் வந்திருக்கிறது. வீட்டு டிவிக்கு ஒரு கன்சோல் வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள். கூடவே ஒரு தயக்கம்: "வாங்கின பிறகு இதைவிட சூப்பர் கிராபிக்ஸோட அடுத்தது வந்துட்டா?"

நியாயமான கேள்விதான். ஆனால் படம் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதை இனி கன்சோலுக்குள் இருக்கும் சிப் மட்டும் முடிவு செய்யப்போவதில்லை. வீட்டுக்கு வரும் இணைய லைனும் அதில் பாதியை முடிவு செய்யும். எல்லையோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் சிப்

2013-ல் வந்த பிஎஸ்4-இன் கிராபிக்ஸ் வேகம் 1.84 டெராஃப்ளாப். 2020-ல் வந்த பிஎஸ்5-க்கு 10.28. ஐந்தரை மடங்கு பாய்ச்சல். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 புரோவுக்கு 16.7. அதாவது 1.6 மடங்குதான். (டெராஃப்ளாப்பை மட்டும் பார்த்து கன்சோலை எடைபோடுவது, சிசி மட்டும் பார்த்து பைக் வாங்குவது மாதிரி. ஆனாலும் போக்கு புரியும்.)

4கே படம் என்றால் ஒரு ஃபிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், அத்தனையையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். முழுக்க வரைவது கட்டுப்படியாகாது. அதனால் கன்சோல் குறைவான பிக்சல்களை வரைந்துவிட்டு, மிச்சத்தை ஏஐ வைத்து ஊகிக்கிறது. பிஎஸ்5 புரோவில் இதற்குப் பெயர் பிஎஸ்எஸ்ஆர். என்விடியா 2018-லேயே டிஎல்எஸ்எஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-லும் அது இருக்கிறது. சோனியும் ஏஎம்டியும் 'அமெதிஸ்ட்' என்ற பெயரில் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியும் இதே பாதையில்தான் போகிறது. அது கன்சோலுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்று சோனியின் மார்க் செர்னி 2025 அக்டோபரில் சொன்னார்.

ஊகம் எப்போதும் சரியாக வராது. முடி, கம்பி வேலி, அடர்ந்த இலைகள் போன்ற காட்சிகளில் படம் மினுமினுக்கும். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது சட்டென்று தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

உங்கள் ஹாலை அளந்து பாருங்கள்

43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. அதில் 1080பி படத்தின் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். சராசரி பார்வைத்திறன் உள்ள ஒருவர் ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், அந்தப் பிக்சலைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. சோபா எட்டடி தூரத்தில் இருந்தால், 4கே-வுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்து சேராது. ஃபிரேம் வேகமும் ஒளி, நிழல் தரமும் மட்டும் எந்தத் தூரத்திலும் தெரியும்.

காத்திருந்தால் விலை குறையுமா?

முன்பு குறைந்தது. பிஎஸ்2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலர். 2009-ல் 99 டாலர். இப்போது தலைகீழ். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று ₹49,990-க்கு வந்தது; 2022 நவம்பரில் ₹54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. சிப்பைச் சிறிதாக்கினால் செலவு குறையும் என்ற பழைய சூத்திரம் வேலை செய்யவில்லை. போதாக்குறைக்கு, ஏஐ சர்வர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. எனவே 'அடுத்த வருஷம் சீப்பா வாங்கிக்கலாம்' என்று கணக்குப் போடாதீர்கள்.

பிஎஸ்5 புரோ வெளியானபோது இந்தியாவுக்கு வரவே இல்லை. அதில் உள்ள வை-ஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லை என்பதே சோனி சொன்ன காரணம். அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. ஒரு கன்சோலின் கிராபிக்ஸ் டெல்லியின் அலைவரிசைக் கோப்பில் சிக்கிக்கொண்டது என்றால் யாராவது நம்புவார்களா?

மலைக்கு வரும் லைன்

"கன்சோலே எதுக்கு? கிளவுட்ல ஆடிக்கலாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. எங்கோ இருக்கும் சர்வர் படத்தை வரையும். உங்கள் டிவி அதை வீடியோவாகக் காட்டும், அவ்வளவுதான்.

தூரம் பிரச்சினை இல்லை. சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூணாறிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,100 கி.மீ. ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப 11 மில்லிசெகண்ட் போதும். தகராறு எல்லாம் வீட்டுக்கு வரும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். பாலக்காட்டுக் கணவாய் சமவெளி. கேபிள் இழுப்பது சுலபம், கோவையும் பக்கம். வட்டவடை, தேவிகுளம் பக்கம் ஒரு மலைமுகடு டவரை மறைத்துவிடும்; ஜூன் மழையில் மரம் விழுந்தால் மின்சாரமும் கேபிளும் சேர்ந்து போகும். வேலந்தாவளத்தில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்பதே தினசரி லாட்டரி.

வேகத்தைப் பார்ப்போம். என்விடியாவின் கிளவுட் சேவை 1080பி, 60 ஃபிரேமுக்குக் கேட்பது 25 எம்பிபிஎஸ். கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டபோது அதன் அடிப்படை பிளான் மாதம் ₹299-க்கு 20 எம்பிபிஎஸ். யூடியூபுக்கு தாராளம், கிளவுட் கேமுக்கு இழுபறி. மொபைல் டேட்டாவில் ஆடலாம் என்றால், 25 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபி போகும். நாளுக்கு 2 ஜிபி பேக் பதினோரு நிமிடம்கூடத் தாங்காது.

டவுன்லோட் செய்து ஆடுவதிலும் கதை இருக்கிறது. 100 ஜிபி கேம், 20 எம்பிபிஎஸ் லைன்: இடைவிடாமல் ஓடினால் 11 மணி நேரம். நடுவில் கரண்ட் போகக்கூடாது.

இத்தனை நாள் இதைச் சமாளித்தது டிஸ்க். பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை அடங்கும். கோவையில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்து, ஆடி முடித்ததும் விற்றுவிடலாம். என்னைக் கேட்டால், மலைப்பகுதிக்கு இதுவரை வந்த அதிவேக பிராட்பேண்ட் இதுதான். அதைத்தான் இப்போது கழற்றுகிறார்கள். பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம் கார்டுகளில் கேமே இருக்காது, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான்.

அதனால் நீங்கள் வாங்குவதாக இருந்தால் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-ஐப் பாருங்கள். சில ஆயிரம் மிச்சம் என்று டிஜிட்டல் எடிஷனை எடுக்காதீர்கள். கடைக்குப் போவதற்கு முன், ஊருக்குப் போகும் வார இறுதியில் இரவு எட்டு மணிக்கு வீட்டு லைனில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பிங் 40 மில்லிசெகண்டுக்குள் இருந்து, வேகம் 25-க்குக் கீழே இறங்காமல் நின்றால், கன்சோல் வாங்கும் முன் கிளவுடை ஒரு மாதம் ஆடிப் பார்க்கலாம். மழை மாதத்திலும் ஒருமுறை அதே டெஸ்ட்டைப் போட்டுவிடுங்கள்.