நான்கு அங்குலம்

வீட்டில் அலுவல் அறை அமைப்பதைப் பற்றி வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் வண்ணத்தில் தொடங்குகின்றன. எந்தச் சுவருக்கு எந்த நிறம், சன்னலோரம் எந்தச் செடி, ஊறுகாய்ப் புட்டியைப் பேனாக்கூடாக்குவது எப்படி என்று போகும். அந்த அறையில் யார் உட்காரப் போகிறார் என்ற கேள்வி மட்டும் எங்கோ விட்டுப்போயிருக்கும். குறைந்த செலவில், கையால் செய்துகொள்வதைப் பற்றி எனக்கும் ஒரு கட்சி உண்டு. விட்டுப்போன அந்தக் கேள்வியில்தான் அது தொடங்குகிறது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை (அதே தலைப்பிலான தொகுப்பு 1988இல் வந்தது) இங்கே படிக்காதவர் குறைவு. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு. அறைகள் நீண்டுகொண்டே போகின்றன. சமையலறை மட்டும் மூலையில், இருட்டாக. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, அதை ஒட்டிய இடத்தைக் கொஞ்சம் வசதியாக்கலாமே என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் பதில், அங்கே புதிதாகக் கட்டப்பட்ட துணி உலர்த்தும் கொடிகள். வீட்டு மராமத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் ஆகச் சிறந்தது இந்தக் கதை என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கேட்ட தனியறையும் ஐந்நூறு பவுனும் நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த ஐந்நூறு பவுனுக்கு ஈடாகச் சம்பாதிக்கிற பெண்கள் நம் வீடுகளில் இன்று இருக்கிறார்கள். அறைதான் இன்னும் வந்து சேரவில்லை.

திருமழிசையில் எங்கள் வீட்டில் 10க்கு 9 அடியில் ஓர் அறை உண்டு. அப்பா காலத்திலிருந்தே அதற்கு 'ஆபீஸ் ரூம்' என்று பெயர். 1974இல் அப்பா ஏதோ ஏலத்தில் எடுத்துவந்த தேக்கு மேசை அதன் நடுநாயகம். அவருக்குப் பின் மேசையும் அறையும் விவாதமின்றி என்னிடம் வந்தன. நான் அங்கே செய்தவை மெய்ப்புத் திருத்தம், சிற்றிதழ்களுக்குச் சில கட்டுரைகள், பிற்பகலில் உறக்கம். மனைவி இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறார். வீட்டில் மாதம் தவறாமல் வருகிற பணம் அதுதான். அந்த வேலை பல வருடங்களாக நடந்த இடம், கட்டில்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியதும் எல்லோரும் வீட்டுக்குள் வந்தோம். மே மாதம் கோயம்பேட்டின் காய்கறிச் சந்தையும் எங்கள் ஊருக்கே வந்து, செப்டம்பர் கடைசிவரை இங்கே நடந்தது. இரவெல்லாம் லாரிகளின் இரைச்சல். பகலெல்லாம் பையனின் வகுப்பு. மனைவி கணக்குகளைத் தூக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும், அங்கிருந்து மாடிப்படிக்கும் மாறிக்கொண்டிருந்தார். நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தேன். அப்போது இது என் கண்ணில் படவே இல்லை. 2023இல் அவருக்குக் கழுத்து வலி கடுமையாகி மருத்துவரிடம் போனோம். "எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். மனைவி சற்று யோசித்துவிட்டு, "எங்க இடம் இருக்கோ அங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அறையின் குளிர்சாதனம் போதவில்லை.

அறையைத் திருத்துவது என்று முடிவாயிற்று. கையில் இருந்தது பத்தாயிரத்துக்கும் குறைவு. தச்சரை அழைப்பதா, நாமே செய்வதா?

'நீங்களே செய்யுங்கள்' என்ற முழக்கம் கூலி உயர்ந்த நாடுகளில், குறிப்பாக உலகப்போருக்குப் பின் 1950களில், இயக்கமாக வளர்ந்தது. அங்கே அதற்கு ஒரு பொருளாதார நியாயம் இருந்தது. இங்கே கூப்பிடு தூரத்தில் தச்சர் இருக்கிறார். அவர் கூலியை மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. உளி பிடிப்பவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திவைத்த குடும்பங்கள் இன்று உளி பிடிப்பதை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக்கிப் படமெடுத்துப் போடுவதிலும் ஏதோ உறுத்துகிறது. இவ்வளவும் தெரிந்தே, நாமே செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். என் காரணம் வேறு. தச்சர் வந்தால் நாடாவை நீட்டிக்கொண்டு வீட்டு ஆண்பிள்ளையைத்தான் கேட்பார்: "உயரம் எவ்வளவு வைக்கலாம் சார்?" சாரும் யோசிக்காமல், "வழக்கமா வைக்கிறதையே வையுங்க" என்பார். வழக்கமாக வைப்பது 30 அங்குலம். நாடா என் கையில் இருந்ததால்தான், உட்காரப் போகிறவரை நான் அளக்க நேர்ந்தது.

முறை எளியது. பாதம் முழுதாகத் தரையில் படியும்படி நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, கையை மடக்கினால், தரையிலிருந்து முழங்கைவரை எவ்வளவோ அவ்வளவுதான் மேசையின் உயரம். மனைவிக்கு 26 அங்குலம். எனக்கு ஏறக்குறைய 27. அப்பாவின் மேசை எனக்கே உயரம் என்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் தோளைத் தூக்கிக்கொண்டு எழுதியிருக்கிறேன். (என் நடையில் ஒரு விறைப்பு உண்டு என்று விமர்சித்த நண்பருக்கு இந்தத் தகவல் பயன்படலாம்.)

வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாள் அறையைக் காலிசெய்வதில் போயிற்று. சிற்றிதழ்க் கட்டுகளில் பாதி கரையானுக்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தன. மேற்குச் சுவரில் ஓதம். ஓதம் ஏறுகிற சுவரில் விலையுயர்ந்த பெயிண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி ஒரு மழைக்காலத்துக்குள் கொப்புளித்து உரியும். சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்தோம். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும், செலவும் சொற்பம். கடப்பாக்கல் பதித்த சுவரலமாரியை அப்படியே விட்டோம். வீட்டுச் செலவைக் குறைப்பதற்கென்று கையால் எழுதி வரைந்து சிறு நூல்கள் வெளியிட்ட லாரி பேக்கர் (1917–2007) நமக்குக் கற்றுத்தந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்: புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன் அது வேண்டுமா என்று கேட்பது. மின்சார வேலைக்கு மட்டும் ஆளை அழைத்தோம். அதில் கைவரிசை காட்டுவது வீரமாகாது.

எனக்கான மேசையைப் பைன் மரத்தில் செய்தேன். தொழிற்பேட்டைக்கு இறக்குமதி இயந்திரங்கள் வந்திறங்கும் மரச்சட்டங்கள் பிறகு காயலான் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் 'எச்.டி.' என்றிருந்தால் அது சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததையும் தவிர்க்கலாம். புத்தகப் பலகைக்கு முக்கால் அங்குலப் பிளைவுட் போதும். ஆனால் இரண்டரை அடிக்கு மேல் தாங்கலில்லாமல் விட்டால் தொகைநூல்கள் அதை வில்லாக வளைத்துவிடும்.

அம்மாவுக்கும் ஒரு மேசை என்று நாடாவோடு போனேன். மாடிக் குடித்தன வாடகை, பால் கணக்கு, உறவினர் வீட்டுச் சீர் வரிசைக் குறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு, அதுவும் அலுவல்தானே. அம்மா தாத்தாவின் கணக்குப் பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டு, "எனக்குப் பாய் போதும்டா. பெருமாளே அதைத்தானே சுருட்டிண்டு போனார்" என்றார். இந்த ஊர் ஆழ்வாரின் கதை அது. சீடன் கணிகண்ணனைப் பல்லவ அரசன் நாடுகடத்த, ஆழ்வாரும் கிளம்பி, பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். அரசன் பணிந்தபின் திரும்பிவந்து பாயை விரித்துக்கொண்டதால், காஞ்சியில் அவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது பாயை விரிக்க நான்குக்கு மூன்றடி வெறுந்தரையும், தலைக்குமேல் தனி விளக்கும். அந்தத் தரையை ஒதுக்கியதுதான் எங்கள் திட்டத்திலேயே கடினமான பகுதி. வெறும் இடத்தைக் கண்டால் எதையாவது கொண்டுவந்து வைக்கத்தான் நமக்குத் தோன்றுகிறது.

மிச்சமிருந்தது தேக்கு மேசை. மனைவிக்கு மலிவாக ஒரு புது மேசை செய்துகொடுத்துவிட்டு, தேக்கை நான் வைத்துக்கொள்வதாகத்தான் முதல் திட்டம். இரண்டு பேரேடுகள், கணினி, ரசீதுக் கட்டுகள், அச்சுப்பொறி ஆகியவற்றை அடுக்கிப் பார்த்தபோது அவற்றைத் தாங்கக்கூடியது தேக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆனால் அது 30 அங்குலம். காலுக்கடியில் மணை போட்டு நாற்காலியை உயர்த்திக்கொள்ளலாமே என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் அம்பையின் கொடிக்கயிறு எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அதைக் கட்டிக்கொண்டிருந்தது நான்.

ரம்பத்தை வாங்கிவந்தும் இரண்டு வாரம் தொடவில்லை. அப்பா கையெழுத்திட்ட மேசை, அதன் விளிம்பில் அவர் முழங்கை தேய்த்த பள்ளம் என்றெல்லாம் எனக்குள் ஒரு சிறுகதை ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக எழுதவில்லை. கடைசியில் அம்மாதான் பாயிலிருந்து நிமிர்ந்து, "அவர் போயாச்சு. உட்கார்றவளுக்கு எட்டட்டும்" என்றார்.

மேசையைக் கவிழ்த்து, நான்கு கால்களிலும் ஒரே குச்சியை வைத்துக் கோடிட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு அங்குலம் அறுத்தேன். பழந்தேக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை; ஒரு காலுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நிமிர்த்தியபோது ஒரு கால் மட்டும் கட்டை. அதைச் சரிசெய்ய மற்றவற்றை மேலும் மேலும் அறுத்து, அப்பம் பங்கிட்ட குரங்கின் கதையாகிவிடாமல், மடித்த பழைய ரசீது ஒன்றை மனைவி அடியில் செருகினார். மொத்தச் செலவு 8,640 ரூபாய், ரம்பம் உட்பட.

என் மெய்ப்புத் தாள்களைப் பழக்கதோஷத்தில் இன்னமும் தேக்கு மேசைமேல்தான் வைத்துவிடுகிறேன். மாலைக்குள் அவை பைன் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.